மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பாட்டில்

இந்த மாதத்தில் என் மேசைக்கு வந்த நான்காவது மெலடோனின் பாட்டில் இது. கொண்டுவந்தவர் ஐம்பத்திரண்டு வயது வங்கி அதிகாரி. அமெரிக்காவிலிருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது வாங்கிவந்தது. ஒரு மாத்திரை 10 மில்லிகிராம், பாட்டிலுக்கு 120. ஏழு மாதமாகத் தினம் ஒன்று போட்டு, இரண்டாவது பாட்டிலும் பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. "தூக்கத்துக்கும் ஆச்சு, மூளைக்கும் ஆச்சு டாக்டர். ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அதான் ஆக்சிஜன் எரியும்போது வர்ற கழிவு செல்லைக் கெடுக்கிறது, அதைக் குறைக்கும்னு படிச்சேன். அப்பாவுக்கு அல்சைமர் இருந்தது, அந்த பயம்தான்" என்றார். அப்படியும் பகலெல்லாம் அசதி, மறதி கூடிக்கொண்டே போகிறது. அதற்காகத்தான் வந்திருந்தார்.

அவர் முடிக்கும்வரை பேசாமல் இருந்த மனைவி அப்போதுதான் வாய் திறந்தார். "இவர் குறட்டை மாடி வரைக்கும் கேக்கும் டாக்டர். நடுவுல மூச்சு நின்னுடும். நான் எழுந்து தோளைத் தட்டுவேன், திரும்பிப் படுப்பார்." இதை இதுவரை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார்.

அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் பாட்டிலைப் பற்றிப் பேச வேண்டும். தினமும் நாலு பேருக்குச் சொல்லியும் தீராத பேச்சு அது.

மெலடோனின் தூக்கத்தை வரவழைக்கும் ஹார்மோன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எலியை எடுத்துக்கொள்ளுங்கள். எலிக்கும் நம்மைப் போல இரவில்தான் மெலடோனின் சுரக்கிறது. அந்த நேரத்தில் எலி தூங்குவதில்லை. அடுக்களையில் அரிசி மூட்டையைக் குடைகிறது. மெலடோனின்தான் தூக்கம் என்றால் எலி ராத்திரி முழுக்கத் தூங்க வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டது என்று உடம்பெங்கும் தண்டோரா போடுவது மட்டுமே இந்த ஹார்மோனின் வேலை. அதைக் கேட்டு மனித உடம்பு ஓய்வுக்குத் தயாராகும், எலியின் உடம்பு இரை தேடக் கிளம்பும். தண்டோரா போடுகிறவர் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து யாரையும் பிடித்துப் படுக்க வைப்பதில்லை. பத்து மடங்கு சத்தமாக முரசடித்தாலும் இருட்டு பத்து மடங்கு கூடிவிடாது.

அளவையும் சொல்கிறேன். 0.3 மில்லிகிராம் போட்டாலே இயல்பாக இரவில் இருக்கும் அளவு ரத்தத்தில் வந்துவிடுகிறது. நம் வங்கி அதிகாரி விழுங்கியது அதைப்போல முப்பது மடங்குக்கு மேல். அதனால் என்ன கிடைக்கும்? தூக்கக் கோளாறுகளுக்கு மெலடோனின் கொடுத்துப் பார்த்த 19 ஆய்வுகளை 2013-இல் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, சராசரியாக ஏழு நிமிடம் முன்னதாகத் தூக்கம் வந்தது. ஏழு மணி நேரம் இல்லை, ஏழு நிமிடம். பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-இல் வழிகாட்டுதல் எழுதியது. எங்கள் ஆட்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். நோயாளி தூக்கம் வரவில்லை என்றதும் காரணம் கேட்காமல் "இரவு ஒன்று" என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுகள் என்னிடம் நிறைய வருகின்றன. கேட்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். தயவுசெய்து கேளுங்கள்.

இனி அந்த "மூளைக்கும் ஆச்சு".

ஆராய்ச்சி பொய்யில்லை. 1958-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர், மாட்டின் மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பிகளிலிருந்து மெலடோனினைப் பிரித்தெடுத்தார். தவளைத் தோலை வெளிறச் செய்யும் அந்தப் பொருளில் தோல் நோய்களுக்கு ஏதாவது வழி கிடைக்குமா என்பதுதான் அவர் தேடல். தூக்கம் அதில் இல்லவே இல்லை. முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின், 1993-இல், டெக்சஸில் ரஸ்ஸல் ரைட்டரின் குழு, செல்களைத் தாக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற கழிவுகளை மெலடோனின் பிடித்து அடக்குகிறது என்று காட்டியது. மூளைக்கு இது பெரிய செய்தி. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. உள்ளே போகும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிப்பதும் அதுதான். எரிகிற அடுப்பில் புகை இல்லாமல் இருக்காது.

ஆனால் ஆய்வகத் தட்டில் நரம்பணுக்களைக் காப்பாற்ற ஊற்றப்படும் மெலடோனின், பெரும்பாலான சோதனைகளில் நம் ரத்தத்தில் இரவில் ஓடுவதைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகம். மாத்திரையாக விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும். மிஞ்சியதிலும் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி குறையும். தட்டில் நடந்ததை அப்படியே உங்கள் தலைக்குள் எதிர்பார்க்கக் கூடாது. பாட்டிலில் அச்சடிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை அச்சடிப்பதில்லை.

மனிதர்களிடம் செய்ததில் நான் அடிக்கடி எடுத்துக் காட்டும் ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது, 2008-இல் வெளியானது. பன்னிரண்டு முதியோர் இல்லங்கள், 189 பேர், பெரும்பாலோருக்கு மறதி நோய். சில இல்லங்களின் கூடத்தில் காலை முதல் மாலை வரை சுமார் 1000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வைத்தார்கள். சிலருக்கு இரவில் 2.5 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்தார்கள். பகல் வெளிச்சம் நினைவுச் சரிவைக் கொஞ்சம் தாமதப்படுத்தியது, மனச்சோர்வைக் குறைத்தது. மெலடோனின் தூக்கத்தைக் கொஞ்சம் கூட்டியது. ஆனால் அதை மட்டும் தனியாகப் போட்டவர்கள் கலகலப்புக் குறைந்து ஒதுங்கத் தொடங்கினார்கள். வெளிச்சத்தோடு சேர்த்தால் மட்டுமே கொடுக்கலாம் என்றுதான் ஆய்வாளர்களே முடித்தார்கள். அப்பாவுக்கு அல்சைமர் என்று பயந்து வருகிறவர்களை, மாத்திரைக்கு முன்னால், காலையில் ஒரு மணி நேரம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடக்கச் சொல்கிறேன். வெயில் இல்லாத மப்பு நாளில்கூட வெளியில் வீட்டுக்குள் இருப்பதைப்போல பல மடங்கு வெளிச்சம் உண்டு.

இப்போது வங்கி அதிகாரி. ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்தோம். மணிக்கு 41 தடவை மூச்சுத் தடைப்பட்டது. ரத்த ஆக்சிஜன் கோடு ரம்பத்தின் பல்லைப் போல ஏறி இறங்கியது. ஓரிடத்தில் 72 சதவீதம் வரை இறங்கியிருந்தது. ஆக்சிஜன் குறைவதும் உடனே மறுபடி பாய்வதும், குறைவதும் பாய்வதும். மூளைக்கு ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் கொடுக்க இதைவிடக் கொடிய வழி வேண்டாம். எந்தக் கேட்டுக்குப் பயந்து இவர் மாத்திரை போட்டாரோ, அந்தக் கேடு ஒவ்வொரு இரவும் அவர் தொண்டையில் நடந்துகொண்டிருந்தது. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. இப்போது, தொண்டை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி போட்டுத் தூங்குகிறார்.

பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கரடி பொம்மை வடிவில், ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு ஜெல்லி மிட்டாயாக விற்கிறார்கள். ஆறு வயதுப் பையனுக்கு அதை மிட்டாய் என்றுதான் தெரியும். அமெரிக்காவில் குழந்தைகள் மெலடோனினை விழுங்கிவிட்டதாக நச்சுத் தகவல் மையங்களுக்கு 2012-இல் 8,337 அழைப்புகள் வந்தன. 2021-இல் 52,563. உள்ளே இருப்பதும் லேபிளில் உள்ளதும் ஒன்று என்று நம்பவும் முடியாது. அங்கே 25 ஜெல்லி வகைகளைச் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். 22 வகைகளில் அளவு தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை. ஆட்டிசம் போன்ற நிலைகளில் சில குழந்தைகளுக்கு நாங்களே இதைக் கொடுக்கிறோம், அளந்து, கண்காணித்து. அந்தக் குழந்தையின் சீட்டைப் பார்த்து உங்கள் குழந்தைக்கு வாங்காதீர்கள்.

உங்கள் குழந்தைக்கு ஏன் பத்தரை மணிக்கும் தூக்கம் வரவில்லை என்று தெரிய வேண்டுமா? அது படுத்திருக்கும் அறையைப் பாருங்கள். டியூப்லைட் எரிகிறது, அப்பா டிவி பார்க்கிறார், அக்கா போனைப் பார்க்கிறாள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைக் கொலராடோ பல்கலைக்கழகத்தார் படுக்கும் முன் ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். மெலடோனின் 88 சதவீதம் அடங்கிப்போனது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் ஆகியும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் திரும்பவில்லை. சொந்தமாகச் சுரப்பதை வெளிச்சத்தால் அணைத்துவிட்டு, கடையில் வாங்கி வாயில் போடுகிறோம்.

ஒற்றை அறை வீட்டில் என்ன செய்வது என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எட்டரைக்கு டியூப்லைட்டை அணையுங்கள். சுவரைப் பார்த்துத் திருப்பிய சின்ன மஞ்சள் பல்பு போதும், அதையும் குழந்தையின் கண்ணுக்குக் கீழே, தரையோரம் வையுங்கள். டிவி பத்து மணிக்கு மேல் வேண்டாம். முடியாது என்றால் குழந்தை முதுகைக் காட்டிப் படுக்கட்டும். போன் அறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும்.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்களே, காலையில் படுக்கும் அறையைக் கெட்டித் திரை போட்டு இருட்டாக்குங்கள். சனி ஞாயிறு மட்டும் ஊரோடு ஒத்து விழித்திருந்தால் திங்கட்கிழமை உடம்பு கேட்காது. கூடியவரை நேரத்தை மாற்றாதீர்கள். மெலடோனினைத் தவறான நேரத்தில் போட்டால் உடம்பின் கடிகாரம் எதிர்ப்பக்கம் நகரும், அதையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

வெளிநாடு பறப்பவர்களுக்கும், விடிகாலை மூன்று மணிக்கு முன் தூக்கமே வராத சில இளைஞர்களுக்கும், பார்வை முழுதும் இல்லாததால் பகல் இரவு உடம்புக்குத் தெரியாதவர்களுக்கும், கனவில் கை கால் வீசி அடிப்பவர்களுக்கும் இது உண்மையிலேயே உதவும். என்ன அளவு, எத்தனை மணிக்கு என்பதுதான் மருந்து. மனச்சோர்வு, மனப்பதற்றத்துக்கான ஃப்ளூவோக்சமைன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் மெலடோனின் பல மடங்கு ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்களும் கேட்காமல் தொடக் கூடாது.

டாக்டரைப் பார்க்க வரும்போது பாட்டிலைக் கொண்டுவாருங்கள். முடிந்தால் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிவாருங்கள். அவரால் வர முடியாவிட்டால், நீங்கள் தூங்கும்போது இரண்டு நிமிடம் போனில் படம் பிடித்துத் தரச் சொல்லுங்கள், சத்தத்தோடு.