மங்கலில் இருந்து எடுக்கும் கூர்மை

போன வாரம் சித்தி ஒரு படம் அனுப்பினார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, கொஞ்சம் மங்கலாக. "ஷார்ப் பண்ணிக் கொடு, பெரிசா பிரிண்ட் போடணும்" என்றார். படம் திருத்தும் மென்பொருள்களான கிம்ப், ஃபோட்டோஷாப் இரண்டிலுமே இதற்குள்ள கருவியின் பெயர் 'அன்ஷார்ப் மாஸ்க்'. கூர்மையாக்கும் கருவிக்குக் கூர்மையில்லாத மறைப்பு என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

விடை ஃபிலிம் காலத்து இருட்டறையில் இருக்கிறது. நெகட்டிவோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டு இன்னொரு ஃபிலிமை வைத்து, வெளிறிய, மங்கலான ஒரு பாசிட்டிவ் நகல் (நெகட்டிவில் கருப்பாக இருப்பது இதில் வெளுப்பாக இருக்கும்) எடுப்பார்கள். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அச்சிடுவார்கள். பெரிய பெரிய வெளிச்சத்தையும் இருட்டையும் அந்த நகல் சமன் செய்துவிடும். நுண்ணிய விவரங்கள் மங்கல் நகலில் இல்லை என்பதால் அவை மட்டும் அடங்காமல் எடுப்பாகத் தெரியும். அந்த மங்கல் நகல்தான் அன்ஷார்ப் மாஸ்க். 1970களில் ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் என்ற வானியல் புகைப்படக்காரர் இதே முறையால் வானியல் புகைப்படத் தகடுகளில் புதைந்து கிடந்த விவரங்களை வெளியே கொண்டுவந்தார்.

கணினி இதையே எண்களால் செய்கிறது. பாட்டியின் கருத்த புடவையும் பின்னால் உள்ள வெள்ளைச் சுவரும் சந்திக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பிக்சலின் வெளிச்சத்தை 0 முதல் 255 வரை அளந்தால், அங்கே வரிசையாக ஆறு பிக்சல்கள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: 50, 50, 50, 200, 200, 200. ஒவ்வொன்றையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களோடு சேர்த்து மூன்றின் சராசரி எடுத்தால் மங்கல் நகல் கிடைக்கும்: 50, 50, 100, 150, 200, 200. அசலில் இருந்து இதைக் கழியுங்கள்: 0, 0, -50, +50, 0, 0. விளிம்பைத் தவிர எல்லா இடத்திலும் பூஜ்யம்! விளிம்பு எங்கே என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே கழித்தல் கண்டுபிடித்துவிட்டது. இந்த வித்தியாசத்தை அசலோடு கூட்டினால் 50, 50, 0, 250, 200, 200. புடவையின் ஓரம் இன்னும் கருத்தது, சுவரின் ஓரம் இன்னும் வெளுத்தது. எனக்கு இதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதில் இன்றைக்கும் சந்தோஷம்தான்.

ஆக, புதிதாக ஒரு விவரமும் படத்துக்குள் வரவில்லை. ஆனாலும் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிறது. காரணம், பார்வையும் இதே கழித்தலைச் செய்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்ட ஒரு செல் பக்கத்துச் செல்களை அடக்கிவைக்கும். குதிரைலாட நண்டின் கண்ணில் இதை அளந்து காட்டிய விஞ்ஞானி ஹார்ட்லைன் 1967இல் நோபல் பரிசு பெற்றார். விளிம்பு வேறுபாட்டை நாம் ஏற்றிக் கொடுத்தால், கண் அதை விவரம் என்று எடுத்துக்கொள்கிறது.

கருவியில் மூன்று அளவுகள் உண்டு. எவ்வளவு மங்கலாக்கிக் கழிப்பது என்பது ரேடியஸ், வித்தியாசத்தை எத்தனை மடங்கு கூட்டுவது என்பது அமவுண்ட். இரண்டையும் தாறுமாறாக ஏற்றினால் தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஒளிவட்டம் போல நிற்கும். மூன்றாவதான த்ரெஷோல்டைப் பலர் தொடுவதே இல்லை. இவ்வளவுக்குக் குறைவான வித்தியாசம் என்றால் விட்டுவிடு என்று சொல்வது அது. அது பூஜ்யத்தில் இருந்தால் வெறும் சுவரில் உள்ள இரைச்சல் புள்ளிகளும் (காட்சியில் இல்லாமல் படத்தில் மட்டும் தாறுமாறாகச் சிதறித் தெரியும் புள்ளிகள்), கன்னத்துத் தோலின் ஒவ்வொரு துளையும் கூர்மையாகிவிடும். செல்போன் கேமராக்கள் படம் எடுக்கும்போதே ஒருமுறை கூர்மையாக்கிவிடுவதால், அந்தப் படங்களில் நாம் கை வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அப்புறம், அளவு மாற்றும் வேலையை முடித்துவிட்டுக் கடைசியில்தான் இதைச் செய்ய வேண்டும். படத்தைச் சுருக்கினாலும் பெரிதாக்கினாலும் விளிம்புகள் மாறிவிடும்.

சரி, மங்கலை உண்மையாகவே நீக்க வழியில்லையா? மங்கல் எப்படி உண்டானது என்று தெரிந்தால் ஓரளவுக்கு உண்டு. 1990இல் ஏவிய ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி, ஓரத்தில் சுமார் 2.2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதிகம் தேய்க்கப்பட்டிருந்தது. ஒரு நட்சத்திரப் புள்ளி எப்படிச் சிதறித் தெரிகிறது என்று விஞ்ஞானிகளுக்குத் தெரிந்ததால், அந்தச் சிதறலைக் கணக்கில் பின்னோக்கி ஓட்டிப் படங்களைத் தெளிவாக்கினார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும்வரை அந்தக் கணக்கு கைகொடுத்தது. ஆனால் அந்தக் கணக்கில் இரைச்சலும் சேர்ந்து பெருகியது. முற்றிலும் அழிந்துபோன விவரத்தை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது.

பாட்டியின் படம் அவ்வளவு மோசமில்லை, லேசான மங்கல்தான். முழுப் படத்துக்கும் ஒரே அளவைப் போட மனம் வரவில்லை. கண்கள், மூக்குத்தி, புடவைக் கரை இந்த மூன்று இடத்தில் மட்டும் ரேடியஸ் ஒரு பிக்சல் வைத்துக் கூர்மையாக்கினேன். கன்னத்துச் சுருக்கங்களை இருந்தபடியே மெத்தென்று விட்டுவிட்டேன். பிரிண்ட் வந்ததும் சித்தி முதலில் விரல் வைத்தது மூக்குத்திக் கல்லில்தான்.