திரீ நாட் எய்ட்டா, டூ செவன்ட்டியா?

மெல்பர்னில் வேலை பார்க்கும் அக்காள் மகன் போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டான். "மாமா, மான் வேட்டைக்கு லைசன்ஸ் எடுத்துட்டேன். ரைபிள் வாங்கணும். திரீ நாட் எய்ட்டா, டூ செவன்ட்டியா?" அக்காள் உடனே ஒரு கோப முகத்தைப் பதிலாக அனுப்பினாள். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. அவன் கேட்ட .308, .270 இரண்டும் ரைபிளின் காலிபர், அதாவது குழல் அளவைச் சொல்லும் எண்கள் என்ற அளவில்தான் தெரியும். ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. அது துப்பாக்கிக் கேள்வி என்பதைவிட ஐந்தாம் படிவத்து இயற்பியல் கேள்வி.

மறுநாள் ஒட்டுக்கடையில் அதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் என் சொந்தப் பெரியப்பா இல்லை, ஊருக்கே பெரியப்பா. தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். இளஞ்செம்பனையின் குருத்தைத் தின்ன வரும் காட்டுப்பன்றிகளை விரட்ட, உரிமம் பெற்ற 'பன்னிரண்டு போர்' (12 bore) துப்பாக்கியைப் பல வருஷம் தூக்கியவர். தே தாரேக்கை உறிஞ்சிவிட்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "நம்பர் பெருசா இருந்தா அடியும் பெருசா இருக்கும் வாத்தியாரே."

அவர் தோளில் கிடந்த துப்பாக்கியே அதை மறுக்கிறது. பன்னிரண்டு போர் என்றால், அந்தக் குழலுக்குள் சரியாக நுழையும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை என்று பொருள். குழலின் விட்டம் 18.5 மில்லிமீட்டர். இருபது போர் குழல் அதைவிடக் குறுகல், ஏனென்றால் அங்கே ஒரு ராத்தலுக்கு இருபது உருண்டை வேண்டும். எண் ஏற ஏற ஓட்டை சிறுக்கிறது.

ரைபிளில் எண் அங்குலக் கணக்கு. 308 என்றால் 0.308 அங்குலம், அதாவது 7.8 மில்லிமீட்டர். அதோடு நிம்மதியாக முடிந்திருக்கலாம், முடியவில்லை. ரைபிள் குழலுக்குள் புரி, அதாவது திருகு மாதிரிச் சுற்றிப்போகும் பள்ளங்கள், வெட்டியிருப்பார்கள். மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்தால் ஓர் எண், பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் வேறோர் எண். ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்ததைப் பெயராக வைத்துவிட்டது. டூ செவன்ட்டியின் தோட்டா உண்மையில் 0.277 அங்குலம். தேர்ட்டி நாட் சிக்ஸ் (.30-06) என்ற இன்னொரு ரைபிள் காலிபரில் உள்ள 06 அளவே இல்லை, அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906-ஆம் ஆண்டு. அதன் தோட்டாவும் திரீ நாட் எய்ட்டின் தோட்டாவும் ஒரே பருமன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த எண் திரீ நாட் திரீ. 1948 ஜூனில் இந்த ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட கையோடுதான், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த தோட்டத்து ஆட்கள் கையில் திரீ நாட் திரீ வந்தது. பெரியப்பாவின் அப்பாவும் அதில் ஒருவர். அதன் தோட்டாவும் 0.303 அல்ல, 0.311. பெட்டியில் அச்சடித்த எண், லயத்தில் ஆளுக்கு வைக்கும் பட்டப்பெயர் மாதிரி. கூப்பிட உதவும், ஆளை அளக்க உதவாது.

அளக்க வேண்டியது வேறு. தோட்டாவின் எடையும் வேகமும்தான் முதல் கணக்கு: எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல். தோட்டா எடையை இன்னும் கிரெய்னில்தான் சொல்கிறார்கள். ஒரு கிரெய்ன் 0.065 கிராம், நம் பொற்கொல்லர் தராசின் குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. திரீ நாட் எய்ட்டில் வழக்கமான 150 கிரெய்ன் தோட்டா, 9.7 கிராம், விநாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது: ஏறத்தாழ 3,590 ஜூல். டூ செவன்ட்டியின் 130 கிரெய்ன் தோட்டா இலேசானது, 8.4 கிராம். ஆனால் வேகம் 930 மீட்டர்: ஏறத்தாழ 3,640 ஜூல். ஐம்பது ஜூல் வித்தியாசம் மானுக்குத் தெரியப்போவதில்லை. 200 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பு இரண்டையும் கீழே இழுக்கும் அளவிலும் ஐந்து சென்டிமீட்டர்போலத்தான் வேறுபாடு. மருமகன் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது.

பெரியப்பாவுக்கு இது ருசிக்கவில்லை. "என் செனாபாங்ல எஸ்ஜி கேட்ரிஜ் போட்டா ஒன்பது குண்டு ஒரே நேரத்துல போகும். அது கம்மியா?" செனாபாங் என்றது அவருடைய பன்னிரண்டு போர் துப்பாக்கியை. எஸ்ஜி என்பது பெரிய ஈயக் குண்டுகள் அடைத்த தோட்டா. நியாயமான கேள்வி. கடை பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். எஸ்ஜி குண்டு ஒன்று 3.5 கிராம், வேகம் 400 மீட்டர் என்று வைத்தால் 280 ஜூல். ஒன்பதுக்கும் சேர்த்து 2,520. குழல் வாயில் ஒரு நல்ல மான் ரைபிளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் கதை மாறுகிறது. காற்று எதை எவ்வளவு தடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது, ஒரு பொருளின் முன்பக்கப் பரப்புக்குப் பின்னால் எவ்வளவு எடை நிற்கிறது என்பது. எஸ்ஜி குண்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பின்னால் 0.06 கிராம். திரீ நாட் எய்ட்டில் 0.20 கிராம். போதாக்குறைக்கு அது உருண்டை, இது கூர்முனை. நாற்பது மீட்டர் போவதற்குள் எஸ்ஜி குண்டு தன் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கைக் காற்றுக்குக் கொடுத்துவிடும், ரைபிள் தோட்டா பத்தில் ஒரு பங்குகூட இழக்காது. உடலுக்குள் நுழைந்த பிறகும் இதே விதிதான். காற்றுக்குப் பதில் தோலும் தசையும் விலா எலும்பும்.

வல்வில் ஓரியின் அம்பு யானையைத் துளைத்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகியதாகச் சங்கப் புலவர் பாடினார். பள்ளியில் இதைப் படித்தபோது சிரித்தோம். புலவர் கொஞ்சம் அதிகமாக நீட்டிவிட்டார் என்றாலும், அம்பைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. இன்றைய வேட்டை அம்பு ஒன்று 30 கிராம், வேகம் 80 மீட்டர் என்றால் அதன் ஆற்றல் 96 ஜூல்தான். ஒரே ஒரு எஸ்ஜி குண்டின் மூன்றில் ஒரு பங்கு. ஆனாலும் மானின் மார்பைத் துளைத்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். ஒல்லியான தண்டு, முழு எடையும் அதன் பின்னால், முனையில் வெட்டும் இரும்பு. ஜூல் கணக்கு மட்டும் பார்ப்பவர்களை இந்த அம்பு ஒன்றே மடக்கிவிடும்.

அம்பு வெட்டிக் கொல்கிறது. தோட்டா வேறு வழியில் கொல்கிறது, அங்கேதான் காலிபர் வாதம் பெரும்பாலும் அர்த்தமிழக்கிறது. வேட்டைத் தோட்டாவின் மூக்கில் ஈயம் திறந்திருக்கும், சுற்றிலும் செம்பு உறை. ஈரமான தசையில் மோதியதும் மூக்கு பின்னோக்கி மடிந்து காளான் மாதிரி விரியும். விட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், முகப்பு நான்கு மடங்காகும். 7.0 மில்லிமீட்டருக்கும் 7.8-க்கும் உள்ள 0.8 வித்தியாசத்தை வைத்துச் சண்டை போடுகிறோம். உள்ளே போனதும் இரண்டுமே பதினான்கு, பதினைந்துக்கு விரிந்துவிடுகின்றன. ஆகவே கடையில் கேட்க வேண்டியது "எந்த எண்" என்பதைவிட "எப்படி விரியும்" என்பது. விலங்குக்கு மிஞ்சி விரைவாக விரிந்தால் தோள்பட்டையிலேயே சிதறி நின்றுவிடும். விரியவே இல்லையென்றால் பென்சில் ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும், மான் நாள் கணக்கில் அவதிப்பட்டுச் சாகும்.

விரியும் தோட்டாவுக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1890-களில் கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதசாலையில் திரீ நாட் திரீக்காக அதைச் செய்தார்கள். டம்டம் தோட்டா என்ற பெயரும் அங்கிருந்துதான். 1899-இல் ஹேக் மாநாட்டில் போருக்கு அது ஆகாது என்று அறிவித்தார்கள். ஆனால் இங்கிலாந்தின் மான் சட்டம் ரைபிளில் விரியும் தோட்டாவைத்தான் போட வேண்டும் என்கிறது. மனிதனுக்குக் கொடூரம் என்று தள்ளியது மானுக்குக் கருணையாகிவிட்டது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, எந்த மான்? இதைக் கேட்காமல் காலிபர் பேசுவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி. நம் காட்டிலேயே மூன்று அளவு இருக்கிறது. பெலாண்டோக் எனும் சருகுமான் இரண்டு கிலோ, கண்டிப்பாகச் சொன்னால் அது மான் குடும்பமே இல்லை. கீஜாங், அதாவது கேளையாடு, இருபது கிலோவுக்குச் சற்று மேலே. ரூசா எனும் கடமான் கிடா 200 கிலோவைத் தாண்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் மலைக்காடுகளில் மருமகன் தேடப்போவதும் இதே கடமான் இனம்தான், 1860-களில் கப்பலில் கொண்டுபோய் விட்டவற்றின் வாரிசுகள். அங்கே பல்கிப் பெருகிவிட்டது. இங்கே காடு சுருங்கி அருகிப்போய், மான் வேட்டை உரிமத்தையே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் பல வருஷமாக நிறுத்திவைத்தது. கீஜாங்குக்கு நெருங்கிய உறவான சீனத்துக் கேளையாடு இங்கிலாந்தில் பரவிக் கிடக்கிறது. அதற்கு அங்கே 0.220 அங்குலமும் 1,356 ஜூலும் போதும். பெரிய மானுக்கு 0.240 அங்குலமும் 2,305 ஜூலும் வேண்டும். விக்டோரியாவில் கடமானுக்கு நெடுங்காலம் இருந்துவந்த குறைந்தபட்ச விதி 0.270, தோட்டா 130 கிரெய்ன். தடித்த தோல், கனத்த தோள் எலும்பு, அதற்குப் பின்னால் நுரையீரல். சட்டம் எழுதியவர்களும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்.

"செம்பனைக் காட்டுல ஓலையும் புதரும் மறைக்கும். கனமான குண்டு அதையெல்லாம் முறிச்சிட்டுப் போகும்" என்றார் பெரியப்பா. உலகம் முழுக்க வேட்டைக்காரர்கள் நம்பும் கதை இது. சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு: சுள்ளியில் பட்டால் எந்தத் தோட்டாவும் விலகும், கனமானதும் விலகும். தோட்டா நேராகப் போவது சுழல்வதால். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று எனப் புரி வெட்டிய குழலிலிருந்து திரீ நாட் எய்ட் விநாடிக்கு 2,800 முறைக்கு மேல் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. சுற்றும் பம்பரத்தின் தலையில் விரலால் தட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். செம்பனை மரங்களுக்கு நடுவே ஒன்பது மீட்டர்போல இடைவெளி இருக்கும். புதர் மறைத்தால் வழி கிடைக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு காலிபர் இல்லை.

கடைசியாகத் தோள். தோட்டா முன்னே போகும் உந்தம் அத்தனையும், வெடிமருந்து வாயுவின் உந்தத்தோடு சேர்ந்து, துப்பாக்கியைப் பின்னே தள்ளும். மூன்றரைக் கிலோ ரைபிளில் திரீ நாட் எய்ட் தோளில் மோதுவது இருபது ஜூலுக்குச் சற்று மேல். அதைவிடச் சிறிய காலிபரான டூ ஃபார்ட்டி திரீயில் (.243) பன்னிரண்டு, பதின்மூன்று. அடி பலமாக இருந்தால் உடம்பு அதை நினைவு வைத்துக்கொண்டு, விசையை அழுத்தும் முன்பே சுளிக்கும். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. சரியாகப் பட்டாலும் மூளையில் மிச்சமுள்ள ஆக்சிஜனில் மான் பத்துப் பதினைந்து விநாடி ஓடும். தட்டைத் தவறவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

இவ்வளவையும் சுருக்கி மருமகனுக்கு எழுதினேன்: இரண்டும் ஒன்றுதான், எதன் தோட்டா உன் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்கிறதோ அதை வாங்கு, சிதறாமல் விரியும் தோட்டாவாகப் பார், மிச்சக் காசைச் சுட்டுப் பழகுவதில் செலவழி.

பெரியப்பா செல்போனை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்து முழுதும் படித்தார். பிறகு ஒரு குரல் செய்தி அனுப்பச் சொன்னார். "தம்பி, எதுல வேணும்னாலும் சுடு. இருநூறு கிலோவ மலையிலேர்ந்து கார் வரைக்கும் யாரு தூக்கியாருவா? அத மொதல்ல சொல்லு."