ஒப்பாரியில் வந்த பெயர்

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடமாட்டார்கள், வீட்டுக்கு ஆகாது. நாட்டார் பாடல் சேகரிக்கப் போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். பாடத் தெரிந்தவர்களைக் களத்துமேட்டுக்கோ கண்மாய்க்கரைக்கோ கூட்டிப்போய்த்தான் ரெக்கார்டரைப் போடுவோம்.

ஒரு அம்மாவை நான் அப்படித்தான் கண்மாய்க்கரையில் உட்காரவைத்தேன். மகனை வெட்டிக் கொன்றிருந்தார்கள். சாதிப் பகை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கியாயிற்று. பத்து நிமிடம் பாடினார். நடுவில் இரண்டு பெயர்கள் வந்தன, ஊரில் நடமாடிக்கொண்டிருக்கும் ஆட்களின் பெயர்கள்.

அன்று ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுதும்போது 'என்ன அருமையான பதிவு' என்றுதான் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். பாட்டுக்குள் இருந்த பெயர்களைத் தொடவில்லை. மூலத்தில் கை வைக்கக்கூடாது என்று பாடம் படித்தவன் ஆயிற்றே! அச்சுக்குப் போகுமுன் அந்த அம்மாவிடம் ஒரு வட்டாரச் சொல்லுக்குப் பொருள் கேட்கப் போனபோது முழுதையும் வாசித்துக் காட்டினேன்.

"தம்பி, நான் அழுததத்தான எடுத்தீங்க? இது பெட்டிசன் மாதிரில்ல இருக்கு" என்றார்.

சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பவள் கொழுந்தனை ஏசலாம், நாத்தனாரை ஏசலாம், ஊரையே ஏசலாம். யாரும் மறுநாள் சண்டைக்கு வருவதில்லை. தாளில் ஏறிவிட்டால் அதுவே குற்றச்சாட்டு. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கிடைத்தால், "போலீசில் ஒரு பெயர் சொன்னீர்கள், பாட்டில் இரண்டு இருக்கிறதே" என்று கூண்டில் வைத்தே மடக்கலாம். ஊருக்குள் என்ன நடக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்களிடம் இதைப் பேசும்போது ருவாண்டா பாடகர் சிமோன் பிகிண்டியின் வழக்கையும் சொல்வேன். 1994 இனப்படுகொலை நாட்களில் அவர் பாடல்கள் வானொலியில் ஓடின. ருவாண்டாவுக்கான ஐ.நா. தீர்ப்பாயம் 2008இல் அவருக்கு 15 ஆண்டு சிறை விதித்தது, ஆனால் பாடல்களுக்காக அல்ல. வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு டுட்சி இனத்தவரைக் கொல்லச் சொல்லிப் பேசியதற்காக. அந்தப் பாடல்கள் இனவெறுப்பை வளர்த்தன என்பதை நீதிபதிகள் ஒத்துக்கொண்டார்கள். கொலையைத் தூண்டவே அவற்றை எழுதினார் என்பதற்கோ, வானொலியில் ஒலிபரப்பியதில் அவருக்குப் பங்கு உண்டு என்பதற்கோ போதிய சாட்சி இல்லை என்றார்கள். நீதிபதிகள் அவ்வளவு நிதானமாகப் பிரித்துப் பார்த்ததை, 'பாட்டுப் பாடிக் கொன்றவர்' என்று நம் ஆட்கள் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள்.

இப்போதெல்லாம் கைநாட்டு வாங்கியதோடு விடுவதில்லை. எழுதி முடித்தபின் போய் வாசித்துக் காட்டி, பாட்டுக்குள் வரும் ஒவ்வொரு பெயரையும் இருக்கட்டுமா என்று கேட்கிறேன். வேலை ஆறு மாதம் இழுக்கிறது, பத்திரிகைக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். இழுக்கட்டும்.

அந்தப் பத்து நிமிடப் பதிவு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. கேஸ் முடியட்டும் தம்பி, அப்புறம் சொல்றேன் என்றிருக்கிறார். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.