‘என் கம்பியூட்டரில்தானே ஓடுது’ என்பவர்களுக்கு

ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை ஸ்டூடியோ, கொமினிகேஷன், அச்சகம் என்று பல இடங்களில் இப்போது ஒரே ஏற்பாடு. ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, அதில் எழுத்தில் கேட்டால் படம் உருவாக்கித் தரும் ஸ்டேபிள் டிஃபியூஷன் என்ற ஏஐ, அதைப் பிரவுசரில் ஓட்ட ஆட்டோமேட்டிக்1111 வெப்யூஐ என்ற மென்பொருள், படங்களை வரிசையாக எடுத்துத் தர ஒரு சின்ன பைதன் ஸ்கிரிப்ட். திருவிழா பெனருக்குப் பின்னணி, பூப்புனித நீராட்டு விழா அல்பத்துக்குப் பூந்தோட்டம், டியூஷன் நோட்டுக்குப் படம். மாதக் கட்டணம் கிடையாது, வேலையும் சுருக்காக முடிகிறது. நல்லதுதான். ஆனால் சரிபார்க்கப் போகும் இடத்தில் எல்லாம் வெப்யூஐயின் வாசலான 7860 போர்ட் ஊருக்கே திறந்து கிடக்கிறது. கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: “என் கம்பியூட்டரில்தானே ஓடுது, யாருக்குத் தெரியப் போகுது?”

உங்கள் மெஷினில் ஓடுவது வேறு, உங்களால் மட்டும் தொட முடிவது வேறு. எத்தனை தடவை சொன்னாலும் இது ஏறுவதில்லை. படத்தைக் கணக்குப் போட்டு உருவாக்குவது உங்கள் கார்டுதான், சரி. ஆனால் உங்கள் ஸ்கிரிப்ட் வெப்யூஐயோடு பேசும் ஏபிஐ என்பது கோரிக்கை வந்தால் பதில் தரும் ஒரு சேவை. கோரிக்கையை அனுப்புகிறவர் கடை முதலாளியா, வைபைக்காக வாசலில் நிற்கும் பையனா என்று அது பார்க்காது. பார்க்கச் சொல்லி நீங்கள்தான் அமைக்க வேண்டும். மென்பொருள் தொடக்கத்தில் 127.0.0.1 என்ற முகவரியில்தான் காது வைத்திருக்கும். அந்த மெஷினைத் தவிர வேறெதுவும் அங்கே பேச முடியாது. தொடங்கும் கட்டளையில் ‘லிசன்’ என்ற ஆர்கியூமென்டை (கூடுதல் சொல்லை) சேர்த்த நிமிடமே அது 0.0.0.0 ஆகிவிடும். அதாவது அந்தக் கணினி இணைந்திருக்கும் எல்லா வலையமைப்பிலிருந்தும் வருவதைக் கேட்கும். கடைக்கு வரும் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வைபையும் அதில் அடக்கம்.

இது எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்த கதைதான். ஸ்கிரிப்ட் முதலில் 404, அதாவது ‘அப்படி ஒன்று இல்லை’ என்று காட்டும். காரணம் மென்பொருளைத் தொடங்கும் வெப்யூஐ-யூசர் பேட்ச் ஃபைலில் ‘ஏபிஐ’ ஆர்கியூமென்ட் இல்லாதது, அவ்வளவுதான். அதைச் சேர்த்தால் போதும். அடுத்து பில் போடும் மெஷினிலிருந்து அழைத்தால் இணைப்பு மறுக்கப்படும், உடனே ‘லிசன்’. பிறகு பிரவுசரிலிருந்து அழைத்தால் கோர்ஸ் பிழை, அதாவது வேறு பக்கத்தின் ஸ்கிரிப்டைப் பிரவுசர் தடுப்பது. உடனே அனுமதிப் பட்டியலில் ‘யாரும் வரலாம்’ என்று ஒரு நட்சத்திரக் குறி. இடையில் விண்டோஸ் ஃபயர்வோல் கேட்கும் கேள்விக்கு, வாசிக்காமலே இரண்டு பெட்டியிலும் டிக். யூடியூபில் ஒருவர் போட்டார் என்று, வெளியாருக்கும் திறக்கும் லிங்க் தரும் ‘ஷேர்’ வேறு. கடைசியில் வேலை செய்கிறது. எதனால் வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த நட்சத்திரக் குறியின் விலை இதுதான்: ‘லிசன்’ போடாத மெஷினிலும், பக்கத்து டேப்பில் திறந்திருக்கும் எந்த இணையப் பக்கத்தின் ஸ்கிரிப்டும் உங்கள் ஏபிஐயோடு பேசலாம் என்று நீங்களே கைச்சாத்து வைத்துக் கொடுக்கிறீர்கள். கோர்ஸ் பிழை பிரவுசரில் மட்டும் வருவது. பைதனிலிருந்து அழைத்தால் அந்தப் பேச்சே இல்லை. பிரவுசரிலிருந்துதான் வேண்டும் என்றால் உங்கள் பக்கத்தின் முகவரியை மட்டும் முழுதாக எழுதுங்கள்.

“பாஸ்வேர்ட் போட்டிருக்கேன்” என்பவர்களால்தான் எனக்கு அதிகம் தலைவலி. ‘கிரேடியோ-ஓத்’ பூட்டுவது திரையில் தெரியும் பக்கத்தை மட்டும். ஏபிஐக்கு ‘ஏபிஐ-ஓத்’ என்று தனி ஆர்கியூமென்ட் இருக்கிறது. முதலாவதை மட்டும் போட்டு நிம்மதியாக இருப்பது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குவது போல. இன்னும் கேளுங்கள்: மென்பொருள் எந்தெந்த ஆர்கியூமென்டோடு தொடங்கியது என்று காட்டும் அழைப்பும் அதே ஏபிஐயில் இருக்கிறது. திறந்த ஏபிஐ வழியாக அதைக் கேட்டால், பக்கத்துக்கு நீங்கள் போட்ட பாஸ்வேர்டையே அது எழுத்து எழுத்தாகத் தந்துவிடும். (இதே வேலைக்கு கொம்ஃபியூஐ என்ற வேறு மென்பொருளைப் பாவிப்பவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். 8188 போர்ட்டில் ஓடும் அதில் சொந்தமாகப் பாஸ்வேர்ட் ஏற்பாடே கிடையாது.)

“எடுத்தால் என்ன, படம்தானே?” கார்டைச் சும்மா ஓட்டிக் கரண்ட் பில்லை ஏற்றுவது சின்னப் பிரச்சினை. வேலை எவ்வளவு முடிந்தது என்று சொல்லும் ‘ப்ரொக்ரஸ்’ அழைப்பு, பாதி உருவான படத்தின் முன்னோட்டத்தையும் சேர்த்து அனுப்பும். பின்னணி மாற்ற நீங்கள் கொடுத்த பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகம், அதே வைபையில் இருக்கும் யார் கேட்டாலும் போகும். தாய் தகப்பன் ஸ்டூடியோவை நம்பித் தந்த படம் அது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதைக் கடைக்காரர்கள் தெரிந்து வைப்பது நல்லது.

‘லிசன்’ போட்டால், வெப்யூஐ பக்கத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) ஏற்றுவதை மென்பொருள் தானாகவே தடுத்துவிடும். அந்தத் தடையை எடுக்கவும் ஒரு ஆர்கியூமென்ட் இருக்கிறது, அதையும் சிலர் போடுகிறார்கள். எக்ஸ்டென்ஷன் என்பது பைதன் நிரல். ஏற்றத் தெரிந்தவர் உங்கள் கணினியில் என்ன வேண்டுமானாலும் ஓட்டலாம். தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

தோட்டப் பக்கம் பெரும்பாலும் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி என்பதால், அநேகமாக வெளியிலிருந்து நேரே உள்ளே வர முடியாது. இது தெரிந்தவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். ‘ஷேர்’ உள்ளிருந்து வெளியே சுரங்கம் வெட்டிக்கொண்டு போவது. அதற்கு ரவுட்டர் எதுவானாலும் ஒன்றுதான். அந்த லிங்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டீர்கள் என்றால், ஏபிஐயும் அதோடு போய்விட்டது.

சரி, செய்ய வேண்டியது. ஸ்கிரிப்டும் வெப்யூஐயும் ஒரே மெஷினில் என்றால் ‘ஏபிஐ’ ஒன்று மட்டும். ‘லிசன்’, ‘ஷேர்’ இரண்டையும் அழியுங்கள். இன்னொரு மெஷினிலிருந்து வேண்டும் என்றால் எஸ்எஸ்எச் சுரங்கம்தான் (இரண்டு மெஷினுக்கு இடையே மறைகுறியாக்கிய இணைப்பு) சுத்தமான வழி: பெரிய எல் ஒப்ஷனோடு 7860:127.0.0.1:7860 என்று கொடுத்தால், அங்கே தன் 7860ஐ அழைப்பது போலவே அழைக்கலாம். அது முடியாதவர்கள் ‘லிசன்’னோடு ‘ஏபிஐ-ஓத்’தும் ‘கிரேடியோ-ஓத்’தும் வேறு வேறு பாஸ்வேர்டில் போட்டு, ஃபயர்வோலில் 7860க்கு ஸ்கோப் பகுதியில் அந்த ஒரு மெஷினின் முகவரியை மட்டும் எழுதுங்கள். முன்பு டிக் போட்டபோது பைதனுக்கு என்று உருவான பொது அனுமதி விதி அங்கேயே இருக்கும். அதை நீக்காவிட்டால் புது விதி இருந்தும் பயன் இல்லை. வாடிக்கையாளர் வைபையை கெஸ்ட் நெட்வர்க்காகப் பிரித்துவிடுங்கள். இந்தப் பாஸ்வேர்ட் வலையில் மறைகுறியாக்கம் இல்லாமல்தான் போகும், வங்கிக் கணக்கு பாஸ்வேர்டையே இதற்கும் வைக்காதீர்கள். பேட்ச் ஃபைலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து உதவி கேட்கும்போது அந்த வரியை மறையுங்கள்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். கெஸ்ட் வைபையில் ஃபோனை இணைத்து, கணினியின் முகவரி, 7860, அதன்பின் ‘டொக்ஸ்’ என்று அடியுங்கள். அழைப்புகளின் பட்டியல் வந்தால் திறந்திருக்கிறது. ‘ஏபிஐ-ஓத்’ போட்டவர்கள் பாஸ்வேர்ட் இல்லாமல் ஓர் அழைப்பை அனுப்பிப் பாருங்கள். 401 வர வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று. ஏபிஐ வழியாக எடுக்கும் படம், ‘சேவ் இமேஜஸ்’ஸை ஆம் என்று கொடுக்காவிட்டால், டிஸ்கில் பதியாது, பதிலில் பேஸ்64 எழுத்தாக (படத்தை எழுத்துகளாக மாற்றிய வடிவில்) வருவது மட்டும்தான். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழைக்குக் கரண்ட் போனால் ஒரே அழைப்பில் கேட்ட இருபது படமும் போச்சு. ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 4 ஜிபி கார்டில் 512க்கு 512, 20 ஸ்டெப், பேட்ச் சைஸ் (ஒரே நேரத்தில் உருவாகும் படங்கள்) 1 என்று வையுங்கள். அதிகம் வேண்டுமானால் கூட்ட வேண்டியது ஸ்கிரிப்ட் அழைக்கும் தடவைகளை. பேட்ச் சைஸைக் கூட்டினால் மெமரி போதாது என்று நின்றுவிடலாம். பதிந்த படங்களை வேலை முடிந்ததும் அவுட்புட் ஃபோல்டரிலிருந்து அழியுங்கள். பிஎன்ஜி கோப்புக்குள் நீங்கள் எழுதிய ப்ரொம்ப்ட் அப்படியே ஒட்டியிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். ‘நிறத்தை வெளுப்பாக்கு’ என்று எழுதியதை அந்தப் பிள்ளையின் வீட்டார் வாசிக்க வேண்டுமா? ஜேபெக்காக மாற்றும்போது அந்த விபரத்தையும் அகற்றிவிட்டுக் கொடுங்கள்.

ஏற்கனவே திறந்து கிடந்திருந்தால் முதலில் மென்பொருளை நிறுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரைத் திறந்து நீங்கள் போடாதது ஏதும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த மெஷினை வலையிலிருந்து கழற்றி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள் எல்லாவற்றையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றி, விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். ரவுட்டரில் 7860க்கு யாராவது போர்ட் ஃபோர்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே வர வழிவிடும் விதி) போட்டுத் தந்திருந்தால் அதையும் எடுங்கள். வெப்யூஐ நின்றாலும் அந்த விதி தானாகப் போகாது.