துக்க வீட்டில் சொல்லக்கூடாதவை: சிலுவை இறையியலும் இன்றைய போதகரும்

“ஆண்டவர் காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டார்.” “நல்ல பூவைப் பறித்துக்கொண்டார்.” “இன்னும் கொஞ்சம் விசுவாசமாய் ஜெபித்திருந்தால்...” துக்க வீடுகளில் போதகர்கள் இப்படிப் பேசுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆறுதலாக இருக்கும் என்று நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது தீர்ப்பாகத்தான் விழும். இளம் போதகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதைத்தான் முதலில் பேசுகிறேன்.

அப்போது நான் எடுத்துக்காட்டுவது மார்ட்டின் லுத்தரின் சிலுவை இறையியலை. 1518 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில், லுத்தர் சேர்ந்திருந்த அகஸ்தீனியத் துறவிகள் கூடினார்கள். திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த அவருடைய 95 கருத்துரைகள் விட்டன்பெர்க்கில் வெளியாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கூட்டத்தில் விவாதிக்க லுத்தர் 28 இறையியல் கருத்துரைகளை எழுதிக் கொண்டுவந்தார். பாடுகளிலும் சிலுவையிலும் கடவுளைக் கண்டுகொள்பவனே உண்மையான இறையியலாளன் என்கிறது 20ஆவது கருத்துரை; சிலுவை இறையியல் என்பது இதுதான். மோசே தேவனுடைய மகிமையைக் காண ஆசைப்பட்டு, அவருடைய பின்பக்கத்தை மட்டும் பார்த்த யாத்திராகமம் 33ஆம் அதிகாரம் அதற்குப் பின்னால் நிற்கிறது. அடுத்த கருத்துரைதான் போதகர்களுக்கு நேராகப் படவேண்டியது: கடவுளை வல்லமையிலும் வெற்றியிலும் தேடும் மகிமையின் இறையியலாளன் தீமையை நன்மை என்றும் நன்மையைத் தீமை என்றும் சொல்வான், சிலுவையின் இறையியலாளன் ஒன்றை அது உள்ளபடியே சொல்வான்.

அப்படியென்றால் சாவு வீட்டில் சாவைச் சாவு என்றே சொல்லலாம். அதற்குப் பூ, பரிசு என்றெல்லாம் பெயர் வைக்கவேண்டாம். “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கிறிஸ்துவே சிலுவையில் கதறியிருக்க, அந்தத் தாயின் கேள்வியை அடக்க நாம் யார்? பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் கதறலோடு தொடங்கும் 22ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். காரணம் கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியதும்தான் கெட்டது.

இந்த இறையியலைத் தலைகீழாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய கவலை. கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வந்து அழுதால், “இது உன் சிலுவையம்மா, சுமந்துகொள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இது சிலுவை இறையியல் அல்ல. தீமையை நன்மை என்று சொல்லும் அதே பழைய மகிமை இறையியல்தான். அடி என்பது குற்றம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பு தருகிறது. 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஜெபித்துவிட்டு அந்த எண்ணையும் எழுதிக்கொடுங்கள். அவளுக்கு அன்று இரவு போக இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். டேனிஷ்காரர் ஆண்ட தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஓர் ஏழை விதவைக்காகப் பேசப்போய், 1708இல் டேனிஷ் தளபதியின் கையால் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். பிறருடைய துன்பத்தைக் குறைக்கப் போகையில் நம்மேல் விழுவதுதான் போதகருக்குரிய சிலுவை.

நோயாளிகள் விஷயத்திலும் லுத்தர் தெளிவாக இருந்தார். 1527இல் விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் பரவியது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு இடம் மாறியது. லுத்தரும் அந்த ஊர்ச் சபையின் போதகர் புகன்ஹாகனும் சபையை விட்டுப் போகவில்லை. மேய்ப்பன் ஆபத்தில் ஆடுகளை விட்டு ஓடக்கூடாது என்று எழுதிய அதே லுத்தர், மருந்து சாப்பிடுங்கள், வீட்டுக்குப் புகை போடுங்கள், தேவையில்லாத இடத்துக்குப் போகாதீர்கள் என்றும் எழுதினார். மருந்தை ஒதுக்குவது கடவுளைச் சோதிப்பது என்றார். “மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசியுங்கள்” என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு, சபை மக்கள் முன்பாகவே நாம் பதில் சொல்லவேண்டும். சர்க்கரை நோயாளிகளும் மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் அந்தப் பேச்சை நம்பிவிடுகிறார்கள்.

அப்புறம், போதகர்களின் சொந்தக் களைப்பு. ஆலயம் கட்டினாரா, காணிக்கை கூடியதா, கூட்டம் சேர்ந்ததா என்று மற்றவர்கள் எடைபோடுகிறார்கள். கொஞ்ச நாளில் நாமும் நம்மை அப்படியே எடைபோடத் தொடங்குகிறோம். பத்துப் பேர் வரும் கிராமத்துச் சபையில் திருவிருந்து கொடுக்கும் போதகர், தான் தோற்றுவிட்டதாக நினைக்கிறார். அந்தப் பத்துப் பேருக்கும் கிறிஸ்து தம்மை முழுமையாகத்தானே கொடுக்கிறார்! ஹைடல்பெர்க்கின் 28ஆவது கருத்துரை எனக்கு மிகவும் பிடித்தது: தேவனுடைய அன்பு தனக்குப் பிரியமானதைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, அதை உண்டாக்குகிறது.

கொள்ளைநோய் வருவதற்குச் சற்று முன், 1527 ஜூலையில், லுத்தர் உடலும் மனமும் ஒடிந்து விழுந்தார். சாகப்போகிறேன் என்றே நினைத்தார். அப்போது புகன்ஹாகனை வரவழைத்துப் பாவ அறிக்கை செய்தார். நம்மில் பல போதகர்களுக்கு அப்படிக் கூப்பிட ஓர் ஆள் இல்லை. தூக்கம் கெட்டாலும், ஜெபம் வறண்டாலும் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. பக்கத்துச் சபைப் போதகர் ஒருவரோடு மாதம் ஒருமுறை, நிர்வாகம் பேசாமல், உட்கார்ந்து பேசிப் பாருங்கள். போதகர் கூட்டங்களிலும் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கணக்கு வாசிப்பது மத்தியானத்துக்குப் போகட்டும்.