பட்டு நீர்ப்பசையா, பட்டு நீர்க்களியா?

நிறையத் தண்ணீரைத் தன் வலைக்குள் பிடித்துவைத்திருக்கும் மென்மையான பொருள்தான் ஹைட்ரோஜெல். பட்டுப் புரதத்தில் செய்யும் ஹைட்ரோஜெல்லுக்கு 'நீர்ப்பசை' என்று எழுதுவதை இன்னும் எத்தனை தடவை படிப்பது? புண்ணை மூட நீர்ப்பசை, மருந்தை மெல்ல வெளிவிட நீர்ப்பசை, குருத்தெலும்பு வளர நீர்ப்பசை. அது பசையே இல்லை.

கிரேக்கத்தில் 'ஹைடோர்' என்றால் தண்ணீர். 'ஜெல்' என்பது ஜெலட்டினின் சுருக்கம். வேர், உறைதலைக் குறிக்கும் லத்தீன் சொல். 1860களில் இந்தப் பெயர்களைத் தந்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம். ஒட்டுதல் என்ற பொருள் இதில் எங்குமே கிடையாது. ('ஹைட்ரஜன் கூழ்' என்றும் எழுதுகிறார்கள். தண்ணீரை வாயுவாக்கிவிட்ட மொழிபெயர்ப்பு அது.)

மற்ற ஹைட்ரோஜெல்களுக்கே பொருந்தாத 'பசை', பட்டுக்கு வரும்போது பெரும் குழப்பத்தைக் கொண்டுவருகிறது. பட்டுக்கூட்டில் இரண்டு புரதங்கள் உண்டு. இழையாக இருப்பது ஃபைப்ராயின். இழைகளை ஒட்டிவைக்கும் உண்மையான பசை செரிசின். கூட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். மருத்துவத்துக்கு வேண்டியது பெரும்பாலும் ஃபைப்ராயின் என்பதால், முதல் வேலையாகக் கூட்டைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்துச் செரிசினை நீக்குகிறார்கள். அப்புறம்தான் ஃபைப்ராயினை லித்தியம் புரோமைடில் கரைத்து, உப்பைப் பிரித்தெடுப்பது. ஆக, 'பசை நீக்கிய பட்டிலிருந்து பட்டு நீர்ப்பசை தயாராகிறது' என்று எழுத வேண்டியிருக்கும். படிப்பவருக்கு என்ன புரியும்? திசுவில் ஒட்டும்படி செய்த ஹைட்ரோஜெல்களும் இருக்கின்றன, சரி. அவற்றை 'ஒட்டும் பசை' என்றா சொல்வது?

'நீர்க்கூழ்' இதைவிடத் தேவலை. ஆனாலும் கூழ் ஊற்றினால் ஓடும், களி வைத்த இடத்தில் நிற்கும். இந்தப் பொருளின் பயனே ஓடும் நிலையிலிருந்து நிற்கும் நிலைக்கு மாறுவதில்தான் இருக்கிறது. ஃபைப்ராயின் கரைசல் ஊசியில் ஏற்றும் அளவுக்கு ஓடக்கூடியது. மீயொலி கொடுத்தாலோ அமிலத்தன்மையைக் கூட்டினாலோ அதன் புரதச் சங்கிலிகள் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு பீட்டா தாள்கள் ஆகின்றன. அவை முடிச்சுகளாக நின்று வலையைப் பிடித்துக்கொள்ள, தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. சங்கிலிகளைப் பிணைக்க வேறு வேதிப்பொருள் சேர்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவத்தில் இதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீராக இருந்தும் உருவம் குலையாமல் நிற்கும். களி என்ற சொல் இதை அப்படியே சொல்கிறது. கூழ்மம் என்ற சொல் ஏற்கெனவே கொலாய்டுக்கு, அதாவது நுண்துகள்கள் கரையாமல் பரவி நிற்கும் கலவைக்கு, நிலைத்துவிட்டது. அதன் பக்கத்தில் இன்னொரு கூழ் எதற்கு?

'ஹைட்ரோஜெல்' என்றே எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தவறான தமிழ்ச் சொல்லைவிட அது நேர்மையானது. நீர்க்களி என்று எழுதுகிறவர்கள் எந்தப் புரதம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். செரிசினிலும் நீர்க்களி செய்கிறார்கள், ஆகவே ஃபைப்ராயின் நீர்க்களி வேறு, செரிசின் நீர்க்களி வேறு.