சொல் விளக்கம்: பெல்விமெட்ரி

“எலும்பு குறுகலாக இருக்கிறது, சுகப்பிரசவம் கஷ்டம்” என்று நிறைமாதக் கர்ப்பிணியிடம் மருத்துவர் சொல்கிறார் என்றால், அதற்குப் பின்னால் ஓர் அளவீடு இருக்க வேண்டும். அதன் பெயர்தான் பெல்விமெட்ரி. குழந்தையின் தலை நுழைந்து வெளியே வருவதற்குத் தாயின் இடுப்பெலும்புகளுக்கு நடுவே இடம் போதுமா என்று அளந்து பார்ப்பது.

லத்தீனில் ‘பெல்விஸ்’ என்றால் வாயகன்ற கலம். கிரேக்கத்தில் ‘மெட்ரோன்’ என்றால் அளவு. ‘இடுப்பளவு’ என்று தமிழாக்கினால் தையல்காரரின் நாடாதான் நினைவுக்கு வரும். அது வெளிச்சுற்று, இங்கே அளக்கப்படுவதோ உள்ளிருக்கும் வெற்றிடம். மருத்துவ நூல்களில் வழங்கும் ‘கூபகம்’ இந்த உட்குழிவைச் சரியாகவே சுட்டுகிறது (வடமொழியில் கூபம் கிணறு). ஆனால் பரிசோதனைக்கு வந்த பெண்ணுக்கு அந்தச் சொல் எதையும் விளக்காது. ‘இடுப்புக்குழி அளவீடு’ என்பதே என் தேர்வு. கேட்டவுடன் புரிகிறது, பொருளும் பிசகவில்லை.

அளக்கும் முறை காலந்தோறும் மாறியது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் வில்லியம் ஸ்மெல்லி விரலாலேயே அளந்தார். அந்த முறை இன்றும் இருக்கிறது. உட்பரிசோதனையின்போது நடுவிரல் நுனியை, முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பின் மேல்முனைவரை நீட்டுவார்கள். முன்புறப் பூப்பெலும்பின் கீழ்விளிம்பு கையில் படும் இடத்தை மறுகையால் குறித்துக்கொண்டு, கையை வெளியே எடுத்து அளவுகோலில் வைப்பார்கள். கிடைத்த நீளத்தில் 1.5 முதல் 2 செ.மீ. கழித்தால் தலை நுழையும் வாயிலின் முன்பின் அளவு ஏறத்தாழத் தெரிந்துவிடும். பிரான்சில் மருத்துவர் போதலோக், கவராயம் போன்ற கருவியால் வெளியிலிருந்தே அளந்தார். பிறகு எக்ஸ்ரே வந்தது. கர்ப்பத்தில் எடுத்த எக்ஸ்ரேவுக்கும் குழந்தைகளின் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதை 1950களில் பிரிட்டிஷ் மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் காட்டிய பின்னரும் அந்தப் பழக்கம் உடனே ஒழியவில்லை. கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. அந்தக் கவலையைப் போக்கியது.

ஆனாலும் இவை எல்லாம் அசையாத எலும்பின் அளவுகள். பிரசவத்தில் தலை திரும்புகிறது, குனிகிறது, மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பிரெஞ்சு மருத்துவர் ஒலிவியே அமியின் குழு, தாய் முக்கும் கட்டத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், படமெடுக்கப்பட்ட ஏழு குழந்தைகளுக்கும் தலை உருமாறியிருந்தது.

இங்கேதான் கணினி நுழைகிறது. அமியின் குழு உருவாக்கிய ‘பிரெடிபர்த்’ மென்பொருள், எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து தாயின் இடுப்புக்குழியையும் குழந்தையையும் முப்பரிமாணத்தில் அமைத்து, தலை செல்லக்கூடிய 72 பாதைகளை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் தருகிறது. இத்தகைய சிமுலேஷனுக்கு ‘ஒப்புருவாக்கம்’ பொருந்தும். ‘பாவனை’ என்றால் இலங்கை வாசகர் ‘பயன்பாடு’ என்று கொள்வார். ஆக, முழுத் தொடர்: பிரசவ ஒப்புருவாக்கம்.

2012இல் வட அமெரிக்கக் கதிரியல் சங்கக் கூட்டத்தில் 24 பெண்களின் முடிவுகள் முன்வைக்கப்பட்டன. இயல்பாகப் பிரசவித்த 13 பேருக்கும் மென்பொருள் மிகச் சாதகமான மதிப்பெண்ணே தந்திருந்தது. அவசர சிசேரியன் செய்துகொண்ட ஐவரில், பிரசவம் தடைப்பட்ட மூவருக்கு அதிக ஆபத்து என்று முன்கூட்டியே காட்டியிருந்தது.

24 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. எக்ஸ்ரே பெல்விமெட்ரி பற்றிய ஐந்து சோதனைகளை, மொத்தம் 1,159 பெண்களை, 2017இல் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் (மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு, அளக்கப்பட்டவர்களுக்கு சிசேரியன் கூடியதையே கண்டது. தாய்க்கோ சேய்க்கோ நன்மை விளைந்ததற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஓர் எண்ணைக் கண்டு பயந்து கத்தியை எடுப்பது எளிது. அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் பலர், அளவு ஓரளவு குறைவாக இருந்தாலும் “வலி வரட்டும், பார்க்கலாம்” என்கிறார்கள். அவசர சிசேரியன் செய்துகொண்ட அந்த ஐவரில் மீதி இருவருக்கும் மென்பொருள் சாதகமாகவே சொல்லியிருந்தது. அவர்களைச் சிசேரியனுக்குக் கொண்டுபோனது குழந்தையின் இதயத்துடிப்பில் வந்த மாற்றம், அதை இடுப்புக்குழி அளவீடு காட்டாது.